அடுத்தவர் கண்ணில் ஆரணி

நம் ஊரைப் பற்றி ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினால் நமக்கு இரண்டே ரியாக்‌ஷன்தான். பாராட்டினால், ‘பாத்தியா, வெள்ளைக்காரனே சொல்லிட்டான்!’ குறை சொன்னால், ‘நாலு நாள் வந்துட்டுப் போறவனுக்கு என்ன தெரியும்?’ எழுதினது சரியா, யாரைக் கேட்டு எழுதினார், எத்தனை நாள் தங்கினார், மறுபடி வந்து பார்த்தாரா என்கிற விசாரணைக்கெல்லாம் நாம் போவதில்லை. இந்த வாரம் போய்ப் பார்க்கலாம்.

கொரியாவில் தொடங்குகிறேன். இன்றைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் கொரியாவைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. அங்கே பெரியவர்களுக்கு எப்படிக் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள், எந்தக் குழம்பை எந்தக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள், அப்பாவை ‘அப்பா’ என்றே ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் சீரியல் புண்ணியத்தில் பத்தாங்கிளாஸ் பெண்ணுக்கு அத்துப்படி. ஆனால், நூற்று முப்பது வருஷம் முன்னால் இங்கிலீஷ் படிக்கிற உலகத்துக்குக் கொரியாவைக் காட்டியவர்களில் முக்கியமானவர் 62 வயசில் அங்கே போய் இறங்கிய ஒரு அம்மாள். பெயர் இசபெல்லா பேர்ட் பிஷப். 1894-லிருந்து 1897-க்குள் நான்கு தடவை போனார். மொழி தெரியாது, துபாஷி வைத்துக்கொண்டார். படகிலும் மட்டக்குதிரையிலும் நாட்டுக்குள்ளே அலைந்தார். 1898-ல் ‘கொரியாவும் அதன் அண்டை நாடுகளும்’ என்று புத்தகம் போட்டார்.

அதில் இரண்டு சமாசாரங்கள் எனக்குப் பிடித்தவை. சியோலில் ராத்திரி ஒரு பெரிய மணி அடிக்கும். அடித்ததும் ஆண்களெல்லாம் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அதற்கப்புறம் தெரு பெண்களுக்கு. பகலெல்லாம் அடைந்து கிடந்தவர்கள் அந்த இருட்டில்தான் வெளிக்காற்று வாங்கலாம். இன்னொன்று, துணி. கொரிய ஆண்கள் பளீரென்று வெள்ளை உடுப்பில் நடமாடுவார்கள். பார்க்கிறவர்கள் ‘ஆஹா, என்ன சுத்தம்!’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இந்த அம்மாள் அடுத்த கேள்விக்குப் போனார்: யார் துவைக்கிறது? கொரியப் பெண்கள் துவைப்புக்கே அடிமை என்று கண்டுபிடித்தார். துவைத்த துணியைப் பளபளப்பாக்க ராத்திரியெல்லாம் கட்டையால் தட்டுவார்கள். அந்த டக்டக் சத்தம்தான் சியோலின் ராத்திரி நிசப்தத்தைக் கலைக்கிற ஒரே சத்தம் என்று பதிவு செய்திருக்கிறார். உள்ளூர்க்காரர் யாரும் அதை எழுதிவைக்க நினைத்திருக்க மாட்டார். தினமும் கேட்கிற சத்தம் யார் காதில் விழும்?

அதே அம்மாள் தப்பும் செய்தார். முதல் தடவை பார்த்தபோது, பீக்கிங்கைப் பார்க்கும்வரை சியோலைப்போல அழுக்கான ஊர் பூமியில் இல்லை என்று நினைத்தார். கொரியர்கள் தேறாத கூட்டம் என்றும் முடிவு கட்டினார். அப்புறம் எல்லையைத் தாண்டி ரஷ்யப் பகுதிக்குள் போனார். அங்கே குடியேறிய கொரியர்களைப் பார்த்தால், நல்ல வீடு, நல்ல விளைச்சல், நிமிர்ந்த நடை. அதே ஜனம்! அப்படியானால் கோளாறு ரத்தத்தில் இல்லை. சொந்த நாட்டில் நாலு காசு சேர்த்தால் அதிகாரி வந்து பிடுங்கிக்கொண்டு போகிறான், எவன் சேர்ப்பான்? இதைப் புரிந்துகொண்டு தன் பழைய தீர்ப்பை அதே புத்தகத்திலேயே மாற்றி எழுதினார். 1897-ல் திரும்பப் போனபோது சியோல் தெருக்கள் அகலமாகிச் சுத்தமாகியிருந்ததையும் எழுதினார்.

ஆக, அந்நியர் எழுத்தை எடைபோட நமக்கு இரண்டு படிக்கல் கிடைத்துவிட்டது. ஒன்று, நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாததை அவர் பார்த்தாரா? இரண்டு, திரும்பி வந்து தன் கணக்கைத் தானே சரிபார்த்தாரா?

இந்தப் படிக்கல்லோடு ஆரணிக்குப் போவோம்.

*

திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. 2011 சென்சஸில் 63 ஆயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை. கல்யாணப் பட்டுக்குக் காஞ்சிபுரம் போகிறவர்களில் பட்ஜெட் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி ஆரணிக்கு வருவார்கள். எடையும் குறைவு, விலையும் குறைவு. சென்னைக்காரர்களுக்கு ஆரணி என்றால் அரிசி மூட்டை. சரித்திரப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் வரும்: 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டார், 1782-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். டூரிஸ்ட் பஸ் வராது. வந்தாலும் சேலை எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடும்.

இப்படிப்பட்ட ஊரை ஒரு இங்கிலீஷ்காரப் பெண்மணி நாற்பது வருஷத்துக்கு மேல் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஆரணிக்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் பார்பரா ஹாரிஸ்-வைட். 1969-ல் கேம்பிரிட்ஜிலிருந்து டெல்லிக்குத் தரைமார்க்கமாகவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர். 1970-களின் தொடக்கத்தில் பசுமைப் புரட்சி நிஜமாகவே என்ன செய்தது என்று பார்க்க ஒரு கேம்பிரிட்ஜ் குழு வடஆற்காடு கிராமங்களுக்கு வந்தது. குழுவில் மற்றவர்கள் வயலைப் பார்த்தார்கள். இதே காலத்தில் ஜான் ஹாரிஸ் ஆரணிக்குப் பக்கத்து ராந்தம் கிராமத்தை ஆராய்ந்து 1982-ல் புத்தகமாகவே போட்டார். பார்பரா வயலோடு நிற்கவில்லை. நெல் மூட்டை வண்டியேறி எங்கே போகிறது, எந்த மண்டி, எந்த மில், யார் கடன் கொடுத்தார், யார் விலை வைத்தார் என்று பின்னாலேயே போனார். அந்த வழி ஆரணி பஜாரில் போய் முடிந்தது.

1973-ல் வியாபாரிகளைக் கணக்கெடுத்தார். 1983-ல் மறுபடி. 1993-ல் மறுபடி. பசுமைப் புரட்சியைப் பற்றிய முதல் தொகுப்பு 1977-ல் வந்தது. 2003-ல் ‘இந்தியா வொர்க்கிங்’. 2004-ல் எஸ்.ஜனகராஜனோடு சேர்ந்து, ஆரணியைச் சுற்றியுள்ள நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் என்ற மூன்று கிராமங்களின் நீண்ட கால மாற்றத்தைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி ஓய்வும் பெற்ற பிறகு, 2016-ல், ஆரணியின் நாற்பது வருஷத்தைப் பற்றியே ‘மிடில் இந்தியா’ என்று ஒரு தொகுப்பு. இரண்டாவது படிக்கல்லில் அம்மாள் டிஸ்டிங்ஷனில் பாஸ். நாற்பது வருஷம் ஒரே ஊருக்குத் திரும்பி வந்து, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு என்ன பொறுமை வேண்டும்! நாம் நம்முடைய சொந்த ஊருக்கே பொங்கலுக்குத்தான் போகிறோம்.

சரி, முதல் படிக்கல்? என்ன பார்த்தார்?

முதலில் அரிசி. உரலில் நெல் குத்திக் கூலி வாங்கிய பெண்கள் ரைஸ்மில் வந்ததும் என்ன ஆனார்கள் என்று கேட்டார். நமக்கு மில் என்பது முன்னேற்றம். மிஷின் வந்துது, வேலை சுலபமாச்சு என்று கதையை முடித்துவிடுவோம். சுலபமானதா, இல்லாமல் போனதா என்பது அடுத்த கேள்வி. ஏழைப் பெண்களின் கையிலிருந்து ஒரு ஜீவனம் சத்தமில்லாமல் போய்விட்டது என்று அவர் காட்டினார். இசபெல்லா கேட்ட ‘யார் துவைக்கிறது’ ரகக் கேள்விதான்.

அடுத்தது பட்டு. ஒரு காலத்தில் டவுனுக்குள்ளே இருந்த தறி, 1973-க்கும் 1993-க்கும் நடுவே சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியது. முதலாளி முன்பணம் கொடுப்பார், பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், கிராமத்தில் நெய்து கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். விவசாயத்தில் வருஷத்துக்குச் சில மாசம்தான் வேலை என்ற நிலையில் தறி ஒரு வரப்பிரசாதம். ஆனால், அந்த முன்பணம் ஒரு கயிறும்கூட. அடைக்கிறவரை முதலாளியை மாற்ற முடியாது. பல வீடுகளில் பிள்ளைகளும் அந்தக் கயிற்றுக்குள் வந்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.நாகராஜ், ஜனகராஜன், டி.ஜெயராஜ் ஆகியோரோடு சேர்ந்து ஆரணி நெசவைப் பற்றி எழுதிய கட்டுரை 1996-லேயே வந்துவிட்டது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கை விட்டபிறகுதான் மற்றவர்கள் அலறினார்கள்.

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா. நெசவாளி பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட வேண்டும். அந்த இன்னொரு ஆள் ரொம்ப காலம் ஒரு பையனாகவோ பெண்ணாகவோ இருந்தது. சேலை எடுக்கப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். ‘எவ்ளோ சமத்தா போடறான் பாரு!’ என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் ரொம்ப சங்கடமானது. 1991-க்கு அப்புறம் தாராளமயம் வந்தாச்சு, மார்க்கெட் வந்தாச்சு, இனி ஜாதியெல்லாம் வியாபாரத்தில் செல்லுபடியாகாது என்று பொருளாதார மேதைகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் ஆரணி பஜாரைக் காட்டி ‘அப்படி இல்லை’ என்றார். கடை என்பது குடும்பம். கடனும் நம்பிக்கையும் தகராறுத் தீர்ப்பும் ஜாதிச் சங்கத்தின் வழியாக. சர்க்கார் சட்டம் எட்டாத இடத்தில் சங்கம்தான் சர்க்கார். வரி ஏய்ப்பும் கறுப்புப் பணமும் அவர் கணக்கில் தப்பவில்லை. கடை முதலாளிகளில் பெண்கள் குறைச்சல், தலித்துகள் அதைவிடக் குறைச்சல். மார்க்கெட் ஜாதியைக் கரைக்கவில்லை, கல்லாப்பெட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது. இது இவர் புத்தகத்தின் சாரம், என் பாஷையில்.

*

ஆரணியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். “இன்னா சார் இது! நாங்க இங்கியே பொறந்து வளந்தவங்க. எங்களுக்குத் தெரியாதது எங்கியோ இருந்து வந்த அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடுமா? ஜாதியெல்லாம் யார் சார் பாக்கறா இப்போ?”

நான் வாதம் பண்ணவில்லை. “உங்க தெருவுல எத்தனை கடை?” என்றேன். யோசித்து நாற்பது என்றார். “எத்தனை கடைக்குப் பொம்பளை முதலாளி?” விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டில் நின்றது. அதிலும் ஒன்று வருமான வரிக்காக மனைவி பேரில் இருப்பது என்று அவரே சொல்லிச் சிரித்தார். “காலனிக்காரங்க கடை?” விரல் மடங்கவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதையெல்லாம் நாங்க எண்ணிப் பாத்ததில்ல சார்” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. ஒரே தெருவில் ஐம்பது வருஷம் இருப்பதும் அந்தத் தெருவை எண்ணிப் பார்ப்பதும் வேறு வேறு வேலை, அவ்வளவுதான்.

அதற்காக அந்த அம்மாள் எழுதினதெல்லாம் வேதவாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. இந்தப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் படிப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆரணி ஒரு ‘கேஸ்’ ஆகிவிடுகிறது. கடை ‘நிறுவனம்’, முதலாளி ‘முதலீட்டாளர்’, மருமகள் ‘கூலியில்லாக் குடும்ப உழைப்பு’. தப்பில்லை, ஆனால் மாமியார் மருமகள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்களே, அந்தக் கதை எங்கே? ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் கால் வைக்க முடியாமல் வாரக்கணக்கில் வேலை நின்று, தீபாவளி நேரத்தில் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பானே, அந்த நிற்பு எங்கே? பட்டியலில் கடன் தொகை வரும். கடன் கேட்கிறவன் செருப்பை எந்தப் படியில் கழற்றினான் என்பது வராது.

இன்னொரு குறை, முகவரி பற்றியது. இவையெல்லாம் ஆங்கிலத்தில், யுனிவர்சிடி லைப்ரரிகள் வாங்குகிற விலையில் வந்த புத்தகங்கள். நாற்பது வருஷம் ஆரணிக்காரர்கள் பொறுமையாகப் பதில் சொன்ன கேள்விகளின் விடை, ஆரணிக்காரர்கள் படிக்கிற மாதிரி எழுதப்படவில்லை. இது அந்த அம்மாளின் குற்றம் மட்டுமில்லை. அவரோடு உழைத்த நம்மவர்களுக்கும், தமிழ்ப் பதிப்பு உலகத்துக்கும், பத்தி எழுதுகிற என் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் நாம் எழுதுவதெல்லாம் அநேகமாக முகூர்த்த சீஸனில் எந்த டிசைன் ஃபேஷன் என்பதுதானே?

அப்படியானால் அந்தத் திண்ணைப் பேச்சும் அந்த நிற்பும் எங்கே கிடைக்கும்? எம்.வி.வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’யைச் சொல்வேன். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளியின் வாழ்க்கை. வெங்கட்ராம் அந்தச் சமூகத்தில் பிறந்தவர், பட்டு ஜரிகை வியாபாரமும் பார்த்தவர். அவருக்குக் கேள்வித்தாள் தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம் ‘காஞ்சிவரம்’ படம். மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை தர முடியாத பட்டு நெசவாளியின் கதை. 2007-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்கு, சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கு. எடுத்தவர் பிரியதர்ஷன், மலையாளி. அதுவும் வெளியூர்க் கண்தான். உள்ளே இருப்பவர் சூட்டைத் தருகிறார், வெளியே இருந்து வருபவர் கணக்கைத் தருகிறார். கும்பகோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் சூடு கிடைத்துவிட்டது. ஆரணிக்கு இதுவரை கணக்குதான் பெரிசாகக் கிடைத்திருக்கிறது.

*

இரண்டையும் ஒரே ஆளிடம் வாங்க முடியுமா? முடியும் என்று நூறு வருஷம் முன்னாலேயே ஒருத்தர் செய்து காட்டினார். கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். கிளாஸில் ஆங்கிலேயப் பாடப்புத்தகத்தை ஒப்பித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, ‘லீவுக்கு ஊருக்குப் போறீங்களே, உங்க ஊரையே விசாரிச்சு எழுதிட்டு வாங்க’ என்று அனுப்பினார். 1918-ல் அது ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்று புத்தகமாயிற்று. அதில் வருகிற தூசி கிராமம் இன்றைக்கு ஆரணி இருக்கிற அதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிராமங்களை 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் மாணவர்களை வைத்து மறுபடி விசாரித்தார்கள். ஸ்லேட்டரின் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் போய் அந்நியனாக நிற்பதற்குப் பதில், ஊர்ப் பையனையே ஒரு மாசத்துக்கு அந்நியனாக்கிவிட்டார். வீட்டு மனுஷன், வெளியாள் கேள்வி.

இதை இப்போது சொல்வதற்கு அவசரமான காரணம் இருக்கிறது. ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. பெண்கள் செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கப் போகிறார்கள். பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., தலைகுனிந்து முன்பணம் கேட்க வேண்டாம். தறிக்குழியில் உட்கார அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. அப்பன் இடுப்பு வலியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். ஆனால், தறி ஒவ்வொன்றாக நிற்கும்போது அதோடு ஒரு வாழ்க்கையும் நிற்கிறது. இன்னும் இருபது வருஷம் கழித்து, ஆரணி நெசவாளி வீட்டில் என்ன நடந்தது என்று அவன் பேத்தி கேட்டால், ஆக்ஸ்ஃபோர்டுப் புத்தகத்தைத்தான் புரட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதே பையன்கள் இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்களை வேவு பார்க்கிறார்கள். ஹூண்டாய் 1996-ல் இங்கே கால் வைத்ததிலிருந்து கொரிய மேலாளர்கள் நம் பிள்ளைகளுக்கு அன்றாடப் பழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆரணிப் பையன் ஒருத்தன், தறிக்காரர் மகன், ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தான். “கொரியாக்காரன் எதுக்கும் ‘பாலி பாலி’ம்பான் சார். சீக்கிரம் சீக்கிரம்னு அர்த்தம். விசிட்டிங் கார்டு குடுத்தா ரெண்டு கையாலதான் வாங்கணும். மொத தபா பாத்தாலே வயசு கேப்பான். ஒரு வருஷம் பெரியவனா இருந்தாலும் பேச்சே மாறிடும், நம்ம நீ, நீங்க மாதிரி. தெரியாதவங்களக்கூட அண்ணன், அக்கான்னுதான் கூப்புடுவாங்க. ஆனா பெரியவங்க எதிர்ல கிளாஸைத் தூக்கினா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குடிப்பான். நம்மாளு ஒளிஞ்சிக்கிட்டுக் குடிப்பான், அவன் திரும்பிக்கிட்டுக் குடிக்கறான். மரியாதை ரெண்டும் ஒண்ணுதான சார்?”

‘அம்மா, அப்பா ரெண்டு பாஷையிலும் ஒண்ணு, அதனால நாமும் கொரியாவும் சொந்தம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஆராய்ச்சியைவிட இந்தப் பையன் பார்த்தது ஆயிரம் மடங்கு உசத்தி. சொல் ஒற்றுமையோடு அவன் நிற்கவில்லை. வயசு, மரியாதை, ஒளிவு மறைவு என்று உள்ளே போய்விட்டான். இசபெல்லா அம்மாளின் அதே கண். ‘எழுதுறியாப்பா?’ என்றேன். “போங்க சார், எனக்கின்னா எழுத வரும்” என்று வெட்கப்பட்டான்.

வரும். கொரியாவைப் பார்த்த கண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தத் தெருப் பக்கம் திருப்பினால் போதும். ஆரணியிலும் சுற்று வட்டாரத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்லேட்டர் மாதிரி ஒரு வாத்தியார், இருபது மாணவர்கள், ஒரு கோடை லீவு. பெரிய பட்ஜெட்டெல்லாம் வேண்டாம்.

கேள்வித்தாள் வேண்டுமானால் நானே ஆரம்பித்துக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் கடைசித் தறி எந்த வருஷம் நின்றது? அன்றைக்கு முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு? மழையில் எத்தனை நாள் வேலை நிற்கும், அந்த நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் அம்மா நெய்த சேலைகளில் ஒன்றையாவது கட்டியிருக்கிறாரா? தார் சுற்றினது யார், அவருக்குக் கூலி உண்டா?

இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஆரணிக்காரர்கள் பதில் எழுதலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.